ஆறாவது வரிசை குறைவதில்லை

ஆறாவது வரிசையின் பிஸ்கட் தட்டைச் சரிசெய்வதற்காகக் கயல்விழி கையை நீட்டியபோது, பொட்டலங்கள் ஏற்கெனவே முன்னால் வந்து நின்றுகொண்டிருந்தன.

சற்று முன்புதான் பச்சைச் சேலை உடுத்திய ஓர் அம்மாள் அந்தத் தட்டிலிருந்து இரண்டு கையாலும் அள்ளித் தள்ளுவண்டியில் போட்டுக்கொண்டு போனதை அவள் பார்த்திருந்தாள். அள்ளிய இடத்தில் பல் விழுந்த வாய்போல ஒரு பொக்கை தெரிய வேண்டும். தெரியவில்லை. பொட்டலங்கள் தட்டின் விளிம்போடு விளிம்பாக, பெயர் எழுதிய பக்கத்தை வெளியே காட்டிக்கொண்டு, காலைப் பிரார்த்தனைக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளைப் போல ஒரே நேர்க்கோட்டில் நின்றன. அந்த வரிசையில் அவளைத் தவிர யாரும் இல்லை.

பெரிய கடையில் வேலை பார்த்தவர்களுக்கு இதிலுள்ள கோளாறு சட்டென்று விளங்கும். வாங்க வந்தவர் முன்னால் இருக்கும் பொருளை எடுத்துக்கொண்டு போனதும் அங்கே ஓர் இடைவெளி விழும். கடைப்பேச்சில் அதற்குக் கேப் என்று பெயர். அந்தக் கேப் யார் கண்ணிலும் படுவதற்குள் பின்னால் இருப்பதை முன்னால் இழுத்து, முகத்தைத் திருப்பி நிறுத்திவிட வேண்டும். தட்டின் உள்பக்கம் வெறுமையாக இருந்தாலும் பாதகமில்லை. வெளிப்பக்கம் நிறைந்திருக்க வேண்டும். குறைந்த தட்டைக் கண்டால் வாங்குகிறவர் மனமும் குறைந்துவிடும் என்பது நிறுவனத்தின் நம்பிக்கை. கதவு திறந்ததிலிருந்து அடைக்கும்வரை உட்காராமல் நின்றபடி இதையே செய்துசெய்து, கயல்விழியின் கைகளுக்கு அது மூச்சு விடுவதைப் போலப் பழகிவிட்டது. செம்மண்டலத்து வீட்டில் மிளகாய்த்தூள் டப்பாவையும் உப்பு ஜாடியையும்கூட அவளையறியாமல் முன்னால் இழுத்து நிறுத்துவாள். “இது வூடுடி, ஒன் கடையில்ல” என்று அம்மா ஞானாம்பாள் அதட்டுவாள்.

ஆனால் எந்தப் பொருளும் தானாக முன்னால் வராது. அதற்கு ஒரு கை வேண்டும்.

கயல்விழி மஞ்சக்குப்பம் கிளையில் வேலை பார்த்தவள். சிதம்பரம் கிளைக்கு மாற்றலைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்தது, தங்கை ஸ்ரீமதியைத் தேடுவதற்காக. ஸ்ரீமதிக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவளும் அவள்தான். மஞ்சக்குப்பத்தில் தன் பக்கத்திலேயே நிறுத்தித் தொழில் கற்றுக்கொடுத்துச் சிதம்பரத்துக்கு அனுப்பிவைத்தாள். வாரவிடுமுறை தோறும் பேருந்தேறி வீட்டுக்கு வந்துகொண்டிருந்த ஸ்ரீமதி, ஆடி முடிந்த பிறகு வரவில்லை. கைப்பேசி அணைந்து கிடந்தது. கிளையில் கேட்டால், சொல்லாமல் வேலையை விட்டுப் போய்விட்டாள் என்றார்கள். புகார் கொடுக்கப் போன இடத்தில், வயது வந்த பெண், யாருடனாவது போயிருக்கும், தானாக வரும் என்றார்கள். தெருவும் அதையே திருப்பிச் சொன்னது. ஞானாம்பாள் தண்ணீர்க்குழாய்ப் பக்கம் போவதையே நிறுத்திவிட்டாள்.

கடைப் பெண்கள் தங்கும் விடுதி அறையில் ஸ்ரீமதியின் பை இருந்தது, துணிமணி இருந்தது, வேலை நேரத்தில் நகை கூடாது என்ற விதிக்காகக் கழற்றிவைத்த கம்மல்கூட ஒரு காகிதத்தில் மடித்தபடி இருந்தது. ஓடிப்போகிற பெண் கம்மலை விட்டுவிட்டா ஓடுவாள்?

“எவ எத வேணா பேசட்டும்” என்று புறப்படும் நாளில் ஞானாம்பாள் சொன்னாள். “நீ போயி அவளக் கூட்டியா.”

சிதம்பரம் கிளை மேலாளர் வைத்திலிங்கம் நெற்றி நிறைய விபூதி பூசிய, குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். கயல்விழி சேர்ந்த அன்றே அவளை ஆறாவது வரிசையில் நிறுத்தினார். “ஒன் தங்கச்சியும் அங்கதாம்மா நின்னா. தங்கமான கை. ஒனக்கும் அந்தக் கை இருக்கும்” என்றார். வேலையை விட்டுப் போன ஒருத்தியைப் பற்றி வழக்கமாக வருகிற கோபம் அவர் பேச்சில் இல்லை. பரிவுதான் இருந்தது. அதுதான் அவளுக்கு உறுத்தியது.

தினமும் கடை திறக்குமுன் எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்து அவர் ஒரு கதை சொல்வார்.

“ஒரு ஊர்ல ஒரு களஞ்சியம் இருந்துச்சி. எவ்ளோ அள்ளினாலும் நெல்லு கொறையாது. ராஜாவுக்கு, அது எப்படின்னு உள்ள போயி பாக்கணும்னு ஆச. போயி கதவத் தொறந்தான். உள்ள பாத்தா எறும்பு. கண்ணுக்கெட்டுன தூரம் எறும்பு. ஒவ்வொண்ணும் ஒரு நெல்லத் தள்ளிட்டிருக்கு. ‘ஒங்களுக்கு யாரு கூலி குடுக்குறா?’ன்னு கேட்டான். ஒரு எறும்பு தலைய நிமித்தணுமே?”

“அப்புறம் சார்?” என்றாள் ஜெயராணி. எண்ணெய், பருப்பு வரிசையில் நிற்பவள். அந்தக் கிளையில் எல்லோரையும்விடப் பழையவள்.

“அப்புறம் என்ன. ராஜா கதவச் சாத்திட்டு வந்து சாப்டான். நல்லா இருந்தான்.”

“எறும்பு?”

“எறும்பும் நல்லாதான் இருக்கும்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். வைத்திலிங்கமும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவர் கயல்விழியின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மதியச் சாப்பாட்டின்போது ஜெயராணியிடம் அவள் பேச்சுக் கொடுத்தாள்.

“ஆறாவது வரிசைக்கு லோடு எப்பக்கா எறக்குவாங்க? வடலூர் குடோன்லருந்து வண்டி வந்துச்சி. எல்லா வரிசைக்கும் பெட்டி போச்சி. என் வரிசைக்கு மட்டும் வரல.”

“கடலூர்க்காரிக்கு ஒக்காந்து தின்னக்கூட முடியல பாரு” என்று ஜெயராணி சாம்பார் சோற்றைப் பிசைந்தாள். “வேல கம்மின்னு சந்தோசப்படுவியா, பெட்டி வரலன்னு பொலம்புறா.”

“வராமலே எப்பிடிக்கா நெறஞ்சிருக்கு?”

ஜெயராணியின் விரல்கள் சோற்றில் அப்படியே நின்றன.

“இந்த பிராஞ்சுக்கு அப்டி ஒரு ராசின்னு மேனேஜர் சொல்லுவாரு. அதோட உட்டுரு. அந்த வரிசையில நின்ன புள்ளைங்க ஒண்ணுகூட சொல்லிட்டு வேலைய உட்டது கெடையாது. ஒன் தங்கச்சி மட்டும் இல்ல.” குரலைத் தணித்துக்கொண்டாள். “நில்லு. தூசி தொட. சிரி. கைய மட்டும் உள்ள உடாத.”

“ஒனக்கு என்னக்கா தெரியும்?”

“எதுவும் தெரியாது. தெரிஞ்சிக்கவும் வேணாம். எனக்கு ரெண்டு புள்ள இருக்கு” என்று சொல்லிவிட்டு ஜெயராணி பாதிச் சோற்றோடு டப்பாவை மூடினாள்.

அதன் பிறகு கயல்விழி அந்த வரிசையைப் பார்ப்பதையே வேலையாக வைத்துக்கொண்டாள். ஆள் நடமாட்டம் ஓய்ந்து, குளிர்சாதனத்தின் இரைச்சல் மட்டும் கூரைக்குள் ஓடிக்கொண்டிருக்கும் பிற்பகல்களில், வெண்ணிலா வாசனையும் அட்டைப்பெட்டி வாசனையும் கலந்து வரும் அந்தத் தட்டுகளின் முன்னால் நின்றால், அவற்றுக்கு அடியிலிருந்து வேறொரு வாசனை மெல்ல எழுந்து வருவது தெரிந்தது. நாள் முழுதும் நின்றவர்களின் வியர்வை, தலையில் காய்ந்த தேங்காயெண்ணெய், ஈரம் போகாத சீருடைத் துணி, எல்லாம் சேர்ந்த வாசனை. பெண்கள் உடை மாற்றும் அறையில் அவள் அன்றாடம் முகர்வது அது. பிஸ்கட் தட்டுக்குள் அதற்கு என்ன வேலை?

ஒருநாள் அந்த ஓய்ந்த வேளையில் சத்தமும் கேட்டது. ஒரு பெரியவர் ரஸ்க் பொட்டலம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார். அவர் முதுகு மறைந்ததும், காகிதம் தகரத்தில் உரசுகிற மெல்லிய ஓசையோடு, பின்னால் இருந்த பொட்டலம் முன்னால் நகர்ந்து வந்து விளிம்பில் நின்றது. பிறகு உள்ளேயிருந்து, மடக்கிய விரல் மூட்டால் தட்டுவதுபோல, இரண்டு தட்டு.

பொட்டலத்தை நிறுத்தியதும் மூட்டால் இரண்டு முறை தட்டுவது ஸ்ரீமதியின் பழக்கம். மஞ்சக்குப்பத்தில் வேலை பழகிய நாளிலேயே அதற்காக, “என்னாடி, கதவா தட்டுற?” என்று கயல்விழியிடம் திட்டு வாங்கியிருக்கிறாள்.

ஆறாவது வரிசை சுவரை ஒட்டி நின்றது. குப்பை கொட்டப் போவதாகச் சொல்லிவிட்டுக் கயல்விழி பின்கதவு வழியாக வெளியே போய்ச் சுவரின் மறுபக்கத்தைப் பார்த்தாள். மழையில் நனைந்த ஒரு குறுகலான சந்து. சாக்கடை. பாசி பிடித்த சுவர். கதவில்லை, சன்னலில்லை, ஒரு விரல் நுழைய இடமில்லை. கிழக்குக் கோபுரம் மழைப்புகைக்குள் சாம்பல் நிறமாக நின்றது. அவள் சுவரில் காதை வைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் விடியலிலிருந்து மழையில் ஊறிக்கொண்டிருந்த அந்தச் சுவர், காய்ச்சல்காரனின் முதுகைப் போலச் சூடாக இருந்தது.

அன்றிரவு அவள் அம்மாவிடம் தொலைபேசியில் எதுவும் சொல்லவில்லை. ஸ்ரீமதி இங்கேதான் இருக்கிறாள் என்று மட்டும் மனம் திரும்பத் திரும்பச் சொன்னது. கூட்டிக்கொண்டு போகாமல் ஊர் திரும்புவதில்லை என்றும் சொன்னது.

கார்த்திகை பிறந்ததும் புயல் வந்தது. கடலூர் துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டை ஏற்றிவிட்டார்கள் என்ற செய்தி காலையிலேயே பரவ, கிள்ளை, பிச்சாவரம் பக்கத்து ஜனங்களெல்லாம் கடையில் வந்து விழுந்தார்கள். பால் பவுடர், ரொட்டி, மெழுகுவத்தி, தீப்பெட்டி என்று கைக்கு எட்டியதையெல்லாம் அள்ளினார்கள். மதியத்துக்குள் மற்ற வரிசைகள் எலும்பாய் நின்றன. துளை போட்ட தகரம் பல்லைக் காட்டியது. ஜெயராணி வெறுந்தட்டுகளின் நடுவே கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

“ஆறாவது வரிசைக்குப் போங்க. அங்க எல்லாம் இருக்கு” என்று வைத்திலிங்கம் வந்தவர்களைக் கைகாட்டி அனுப்பிக்கொண்டிருந்தார்.

எல்லாம் இருந்தது. ஜனங்கள் எடுத்தார்கள். பொட்டலங்கள் வந்தன. இன்னும் வேகமாக எடுத்தார்கள். இன்னும் வேகமாக வந்தன. யாரும் அதைக் கவனிக்கவில்லை. கிடைத்ததே போதுமென்று கூடையை நிரப்பினார்கள். தகரத்தில் காகிதம் உரசும் ஓசை இப்போது இடைவிடாமல், மழையோசைக்கு மேலே, ஓராயிரம் பட்டுப்புழுக்கள் இலை கடிப்பதுபோலக் கேட்டது. அந்த வாசனை முகத்தில் வந்து மோதியது. ஒவ்வொரு தட்டிலிருந்தும் தட்டல். எல்லாம் ஸ்ரீமதியின் தட்டல் இல்லை. பலருடையது.

கீழ்த்தட்டில் ஒரு கை பொட்டலத்தை உருவிய கண நேரத்தில், அடுத்தது வந்து மறைப்பதற்குள், கயல்விழி பார்த்துவிட்டாள்.

விரல் நுனிகள்.

வெயில் படாத வெண்மை. நீரில் ஊறிய சுருக்கம். நகம் தேய்ந்து போயிருந்தது.

அவள் மண்டியிட்டாள். முழங்கையால் கீழ்த்தட்டை வழித்தாள். பொட்டலங்கள் தரையில் சரிந்தன. ஜனங்கள் அவற்றையும் பொறுக்கிக்கொண்டார்கள். மறுபடி வந்தவற்றை மறுபடி வழித்தாள். மறுபடி. பிறகு வருகிற பொட்டலத்தை உள்ளங்கையால் தடுத்து அழுத்தினாள். மறுபக்கமிருந்து ஒரு கை அதைத் தள்ளியது. பொட்டலம் நொறுங்கியது. நொறுங்கிய பிஸ்கட் தூளின் நடுவே அவள் அந்தக் கையைப் பற்றினாள்.

கட்டைவிரலடியில் தோசைக்கல் சுட்ட தழும்பு.

“ஸ்ரீமதி.”

உள்ளேயிருந்து பதில் வரச் சற்று நேரமாயிற்று. நெடுநாள் பேசாத குரல்.

“யாரு?”

“அக்காடி. வா. வெளிய வா. அம்மா ஒன்னத் தேடி அழுவுது.”

“அக்கா, கைய உடு.”

“மாட்டன்.”

“உடுக்கா. கேப் உழுது.”

அழுகையில்லை. பயமில்லை. வேலை நேரத்தில் தொந்தரவு செய்கிறவளிடம் காட்டுகிற எரிச்சல் மட்டும் இருந்தது. கயல்விழி இரண்டு கையாலும் பற்றி இழுத்தாள். கை வரவில்லை. தலையைத் தட்டுக்குள் நுழைத்தாள். சுவர் இருக்க வேண்டிய இடம். சுவர் இல்லை. இருட்டு. தோள் நுழைந்தது. மூச்சுகள் கேட்டன. அருகிலும் தொலைவிலும், வரிசையாக.

மின்சாரம் போயிற்று. கடைக்குள் ஒரு கூச்சல் எழுந்து அடங்கியது.

அவள் காலடியில் செருப்பொலி வந்து நின்றது.

“கீழ ஒக்காரக் கூடாதும்மா” என்றார் வைத்திலிங்கம். அதே தணிந்த குரல். “கஸ்டமர் பாக்குறாங்க.”

“சார், என் தங்கச்சி உள்ள இருக்கா. புடிங்க சார். இழுங்க.”

“இருக்கட்டும்மா. நல்லாதான் இருக்கா.”

கையை விட்டுவிட்டால் பின்னால் நகரலாம். அது அவளுக்குத் தெரிந்தது. ஒரு கணம்தான். விரல்களைத் திறந்தால் போதும்.

திறக்கவில்லை.

அவளுடைய கணுக்கால்களை யாரோ தூக்கினார்கள். பலவந்தமில்லை. உறங்கும் குழந்தையின் காலைப் பாய்க்குள் எடுத்து வைக்கும் தகப்பனைப் போல, மெதுவாக, ஒன்றன்பின் ஒன்றாக. பிறகு பின்னால் பொட்டலங்களை அடுக்கும் ஓசை. பிறகு இருட்டு.

வெளிச்சம் வந்தபோது அது கம்பிகம்பியாக, பொட்டலங்களின் இடுக்கு வழியே மட்டும் வந்தது. எவ்வளவு நேரமோ, எத்தனை நாளோ. புயல் கரை கடந்துவிட்டதா என்றும் தெரியவில்லை. நிற்க மட்டும் இடமிருந்தது, திரும்ப இடமில்லை. அவள் தோளோடு தோளாக ஸ்ரீமதி நின்றாள். அவளுக்கு அப்பால் ஒருத்தி. அவளுக்கு அப்பாலும். அதே சீருடை, மங்கிப் போனது, இன்னும் மங்கிப் போனது, நிறமே இல்லாதது. முகங்கள் எல்லாம் இடுக்குகளைப் பார்த்திருந்தன. ஒருத்தியும் தலையைத் திருப்பவில்லை.

“ஸ்ரீமதி. போலாம்டி.”

“பேசாத. ஆள் வராங்க.”

வெளியே காலடியோசை. வைத்திலிங்கத்தின் குரல் நெருங்கி வந்தது.

“ரெண்டு பேருமே சொல்லாமப் போயிட்டாங்கம்மா. எனக்கும் மனசு கஷ்டமாதான் இருக்கு. நல்ல புள்ளைங்க.”

“பெரியவ அப்டியாப்பட்டவ இல்ல சார்.”

கயல்விழிக்கு அந்தக் குரல் தெரிந்தது. அம்மா.

“இங்கதான் நின்னாளா? இந்த எடத்துலயா?”

“இங்கதாம்மா.”

ஞானாம்பாள் தட்டைத் தடவிப் பார்த்தாள். கைபட்டு ஒரு பொட்டலம் தரையில் விழுந்தது. அது இருந்த இடத்தில் வெளிச்சம் திறந்தது. அந்தச் சதுர வெளிச்சத்தில் அம்மாவின் முகம். அழுது வீங்கிய இமைகள். ஒரு முழம்கூட இல்லை தூரம். அம்மா குனிந்தாள். இடைவெளிக்குள் பார்த்தாள். நேராகக் கயல்விழியின் கண்ணுக்குள் பார்த்தாள். பார்த்தது எதுவென்று புரியாமல் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இன்னும் கிட்டே வந்தாள்.

கயல்விழி வாயைத் திறந்தாள்.

“அக்கா” என்றாள் பக்கத்தில் ஸ்ரீமதி. “கேப்.”

அவளுடைய வலக்கை எழுந்தது. அதை அவள் எழுப்பவில்லை. அது பின்னால் சென்று, இருட்டில் ஒரு பொட்டலத்தை எடுத்து, பெயர் எழுதிய பக்கம் அம்மாவின் முகத்தைப் பார்க்கும்படி திருப்பி, வெளிச்சம் இருந்த இடத்துக்குள் ஒழுங்காகத் தள்ளியது. முதலில் அம்மாவின் வாய் மறைந்தது. பிறகு மூக்கு. பிறகு கண்கள்.

கயல்விழி பொட்டலத்தின் முதுகைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.